ஒரு பைட்டின் ஆயுள்: சி மொழியில் நினைவகம் கற்பிப்பது குறித்து

"சி மொழியின் சேமிப்பு வகைகளை எடுத்துக்காட்டுடன் விளக்குக." கணினி அறிவியல் படித்த எவருக்கும் இந்தக் கேள்வி நன்றாகத் தெரியும். விடையும் தெரியும். நான்கு வரிசையில் ஆட்டோ, ரிஜிஸ்டர், ஸ்டேட்டிக், எக்ஸ்டர்ன். எதிரே நான்கு பத்திகளில் இருப்பிடம், தொடக்க மதிப்பு, வரையெல்லை, ஆயுள். கட்டம் போட்டு நிரப்பி, கீழே ஒரு சின்ன நிரல் எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். இரண்டு அலகு தள்ளி மேலாக், கேலாக், ரீலாக், ஃப்ரீ என்று இன்னொரு பட்டியல் வரும். அதற்கும் தனியாக ஒரு கேள்வி, தனியாக ஒரு விடை. இந்த இரண்டு பாடங்களும் ஒன்றையேதான் பேசுகின்றன என்பது பெரும்பாலான மாணவர்களுக்குப் பட்டம் வாங்கும்வரை தெரிவதில்லை.

அந்த ஒன்று இதுதான்: நிரல் ஓடும்போது நினைவகத்தில் ஒரு பைட் எப்போது நமக்குக் கிடைக்கிறது, எதுவரை நம்முடையது, யாரெல்லாம் அதைப் பெயர் சொல்லித் தொடலாம், யார் அதைத் திருப்பித் தர வேண்டும். சேமிப்பு வகைகளும் மேலாக்கும் இந்தக் கேள்விகளுக்குச் சி மொழி வைத்திருக்கும் விடைகள். கேள்வியைச் சொல்லாமல் விடையை மட்டும் மனப்பாடம் செய்ய வைப்பதுதான் நம் வகுப்பறையின் குறை. இந்தக் கட்டுரை அந்தப் பாடம் முழுவதையும் ஒருமுறை புரட்டிப் பார்க்கிறது.

யாருக்காகப் பேசுகிறோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பர் 26 அன்று செயல்படத் தொடங்கிய கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் ஒரு மாணவியை நினைத்துக்கொள்ளுங்கள். கல்வராயன் மலையில் வெள்ளிமலை, கரியாலூர் பக்கம் தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டுக் கீழே கல்லூரிக்கு வருகிறாள். மேல்நிலையில் கணினி அறிவியல் எடுத்திருந்தால் பதினொன்றில் சி++, பன்னிரண்டில் பைத்தான் படித்திருப்பாள். பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்திலேயே வரையெல்லை பற்றி ஒரு பாடம் இருக்கிறது. ஒரு பெயரைப் பைத்தான் எந்த வரிசையில் தேடும் என்று அதில் படித்திருக்கிறாள். பொறியியலில் சேர்ந்தால் அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டப்படி முதல் பருவத்தில் மறுபடி பைத்தான். கணினிப் பிரிவு என்றால் இரண்டாம் பருவத்தில் சி. கையில் ஆங்கிலப் புத்தகம் இருக்கும். பெரும்பாலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்த இ. பாலகுருசாமி எழுதியது, அல்லது யஷவந்த் கனேட்கரின் 'லெட் அஸ் சி'.

பைத்தானிலிருந்து சி-க்கு வருகிறவளுக்கு வரையெல்லை புதிதல்ல. ஆயுள்தான் புதிது. பைத்தானில் ஒரு பொருளை உருவாக்கினால் போதும். அதை யார் வைத்திருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டே இருந்து, வைத்திருப்பவர் யாரும் இல்லாதபோது மொழியே அதை அப்புறப்படுத்திவிடும். அந்த வசதிக்கு விலை உண்டு. இன்றைய 64-பிட் கணினியில் பைத்தானில் 1 என்ற எண் பிடிக்கும் இடம் 28 பைட். சி-யில் ஓர் இன்ட் மாறிக்கு 4 பைட். அவள் பன்னிரண்டாம் வகுப்பில் ஓட்டிய பைத்தானே சி மொழியில் எழுதப்பட்டதுதான். அவளுக்குத் தெரியாமல் நடந்த எண்ணிக்கையையும் அப்புறப்படுத்தலையும் சி-யில் அவளே செய்ய வேண்டும். இந்த ஒரு மாற்றத்தைச் சொல்லிப் பாடத்தைத் தொடங்கினால் பாதிக் குழப்பம் தீரும்.

இந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்தால் அவற்றின் விசித்திரமும் புரியும். பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன் எழுதிய பி மொழியிலேயே ஆட்டோ இருந்தது. அந்த மொழியில் தரவு இனங்கள் கிடையாது. ஆகவே ஒரு பெயரை அறிவிக்க இன்ட் என்றோ ஃப்ளோட் என்றோ எழுத முடியாது. ஆட்டோ அல்லது எக்ஸ்டர்ன் என்று சேமிப்பு வகையைச் சொல்லித்தான் அறிவிக்க முடியும். டென்னிஸ் ரிச்சி 1972 வாக்கில் அதைச் சி-யாக வளர்த்தபோது இன்ட், சார் எல்லாம் சேர்ந்தன. அதோடு ஆட்டோவுக்கு வேலை போய்விட்டது. ஃபங்ஷனுக்குள் இன்ட் என்று எழுதினாலே அது ஆட்டோதான். அன்றிலிருந்து ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளாக யாரும் எழுதாத, ஆனால் எல்லாத் தேர்வுத்தாளிலும் விளக்கப்படும் சொல்லாக அது இருந்துவந்தது. சி23 தரம் அதற்குப் புது வேலை கொடுத்திருக்கிறது: தொடக்க மதிப்பைப் பார்த்து இனத்தைக் கம்பைலரே முடிவு செய்யட்டும் என்பதற்கு இப்போது ஆட்டோ என்று எழுதலாம்.

ரிஜிஸ்டர் பிறந்த காரணமும் அந்தக் காலத்து இயந்திரம்தான். ஆரம்பகால யுனிக்ஸ் ஓடிய பிடிபி-11 கணினியின் மொத்த நினைவகமே 24 கிலோபைட். அடிக்கடி பயன்படும் மாறியைச் செயலியின் பதிவேட்டில் வை என்று நிரலர் கம்பைலருக்குச் சொல்லவேண்டிய நிலை. இன்றைய கம்பைலர்களுக்கு அந்தக் குறிப்பு தேவையில்லை. எதைப் பதிவேட்டில் வைப்பது என்று அவை நம்மைவிட நன்றாகக் கணிக்கும். "ரிஜிஸ்டர் மாறி பதிவேட்டில் சேமிக்கப்படும்" என்று கட்டத்தில் எழுதுவது எனவே சரியல்ல. மொழி உறுதியாகச் சொல்வது ஒன்றுதான்: அப்படி அறிவித்த மாறியின் முகவரியை எடுக்கக் கூடாது. சி++ 2017-ஆம் ஆண்டுத் தரத்தில் இந்தச் சேமிப்பு வகையையே நீக்கிவிட்டது.

நான்கில் இரண்டு இப்படி. மீதி இரண்டில்தான் உண்மையான பாடம் இருக்கிறது. அங்கேதான் கட்டம் மாணவரைக் கைவிடுகிறது. வரையெல்லை, இணைப்பு, ஆயுள் என்ற மூன்று வெவ்வேறு விஷயங்களை ஒரே வரிசையில் அடைத்துவிடுவதே காரணம். வரையெல்லை என்பது ஒரு பெயர் நிரலின் எந்தப் பகுதியில் செல்லும் என்பது. இணைப்பு என்பது ஒரு கோப்பில் உள்ள பெயரும் இன்னொரு கோப்பில் உள்ள அதே பெயரும் ஒரே பொருளைக் குறிக்கின்றனவா என்பது. ஆயுள் என்பது அந்த இடம் எதுவரை நம்முடையது என்பது. ஸ்டேட்டிக் என்ற ஒரே சொல் இடத்தைப் பொறுத்து இவற்றில் வெவ்வேறு ஒன்றை மாற்றுகிறது. ஃபங்ஷனுக்குள் எழுதினால் ஆயுளை மாற்றும். மாறி ஃபங்ஷனுக்கு வெளியே தெரியாது; ஆனால் நிரல் முடியும்வரை இருக்கும். ஃபங்ஷனுக்கு வெளியே எழுதினால் ஆயுள் ஏற்கெனவே முழு நிரலுக்கும்தான். அங்கே அது இணைப்பை வெட்டுகிறது. அந்தப் பெயர் அந்தக் கோப்புக்குள் மட்டும் செல்லும். ஒரே சொல்லுக்கு இரண்டு வேலை என்று வகுப்பில் வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் மாணவர் அதைப் பிடித்துக்கொள்வார். சொல்லாமல் விட்டால் ஆண்டுக்கணக்கில் குழம்புவார்.

எக்ஸ்டர்ன் இடத்தையே தருவதில்லை என்பதும் கட்டத்தில் தெரியாது. "இந்தப் பெயரில் ஒரு மாறி வேறெங்கோ இருக்கிறது" என்ற அறிவிப்பு மட்டுமே அது. இடம் தருவது வேறொரு வரி. இந்த வேறுபாட்டை அலட்சியப்படுத்திப் பழகியவர்களுக்கு 2020-இல் ஓர் அடி விழுந்தது. அதுவரை ஒரே பெயரில் ஒரு பொதுமாறியை இரண்டு கோப்புகளில் எக்ஸ்டர்ன் இல்லாமல் எழுதினாலும் ஜிசிசி கம்பைலர் இரண்டையும் சத்தமில்லாமல் ஒன்றாக்கிவிடும். அந்த ஆண்டு வந்த ஜிசிசி 10 அந்தச் சலுகையை நிறுத்தியது. பல்லாண்டுகள் ஓடிக்கொண்டிருந்த நிரல்கள் "ஒன்றுக்கு மேற்பட்ட வரையறை" என்று இணைப்புக் கட்டத்தில் நின்றன.

தொடக்க மதிப்பு விஷயத்தில் கட்டம் சரியாகவே சொல்கிறது; காரணத்தைத்தான் சொல்வதில்லை. ஸ்டேட்டிக் ஆயுள் கொண்டவை சுழியத்தில் தொடங்கும். உள்மாறிகள் குப்பை மதிப்பில் தொடங்கும். ஏன்? முன்னதற்குச் சுழியம் போடும் வேலை நிரல் தொடங்கும்போது ஒரே முறை. பின்னதற்கு ஃபங்ஷன் அழைக்கப்படும் ஒவ்வொரு முறையும் போட வேண்டியிருக்கும். அந்தச் செலவை நிரலர் கேட்டால் மட்டும் செய்வது என்பது சி-யின் முடிவு. குப்பை என்பதும் வேறெங்கிருந்தோ வருவதல்ல. அதே இடத்தைச் சற்றுமுன் பயன்படுத்திய வேறொரு ஃபங்ஷன் விட்டுச்சென்ற எச்சம்.

அந்த இடம் எது என்று கேட்கும்போதுதான் நினைவக வரைபடம் தேவைப்படுகிறது. ஓடும் நிரலுக்கு நினைவகத்தில் சில பகுதிகள் உண்டு: கட்டளைகள் இருக்கும் டெக்ஸ்ட், ஸ்டேட்டிக் ஆயுள் கொண்ட நிலைமாறிகளில் தொடக்க மதிப்புள்ளவற்றுக்கு டேட்டா, சுழியத்தில் தொடங்கும் நிலைமாறிகளுக்கு பிஎஸ்எஸ், மேலாக் இடம் எடுக்கும் ஹீப், ஃபங்ஷன் அழைப்புகள் அடுக்கடுக்காக ஏறி இறங்கும் ஸ்டாக். பலகையில் செவ்வகம் போட்டுக் காட்டுவதைவிட இதை லினக்ஸ் கணினியில் செய்து காட்டுவது எளிது. பத்து லட்சம் இன்ட் கொண்ட ஓர் அரேயை எல்லா ஃபங்ஷனுக்கும் வெளியே, மதிப்பு எதுவும் தராமல் அறிவித்துக் கம்பைல் செய்யுங்கள். உருவாகும் கோப்பு சில கிலோபைட்தான் இருக்கும். அதே அரேயின் முதல் உறுப்புக்கு 1 என்று மட்டும் தொடக்க மதிப்பு கொடுங்கள். கோப்பு ஏறக்குறைய 40 லட்சம் பைட்டுக்கு வீங்கிவிடும். பிஎஸ்எஸ் பகுதிக்குக் கோப்பில் "இவ்வளவு இடம் வேண்டும்" என்ற எண் மட்டும் போதும். டேட்டா பகுதிக்கு ஒவ்வொரு பைட்டும் எழுதப்பட வேண்டும். அடுத்து, 25 லட்சம் இன்ட் கொண்ட அரேயை ஒரு ஃபங்ஷனுக்குள் உள்மாறியாக அறிவித்து அதைத் தொடுங்கள். நிரல் செத்துவிழும். லினக்ஸில் ஸ்டாக்கின் வழக்கமான எல்லை 8 மெகாபைட்; கேட்டது ஒரு கோடி பைட். விண்டோஸில் எல்லை 1 மெகாபைட் என்பதால் 3 லட்சம் இன்ட்டுக்கே அந்த நிலைதான்.

இன்னொரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு பொதுமாறி, ஒரு ஸ்டேட்டிக் உள்மாறி, ஒரு சாதாரண உள்மாறி, மேலாக் தந்த நூறு பைட், மேலாக் தந்த பத்து லட்சம் பைட்: இந்த ஐந்தின் முகவரிகளையும் அச்சிடச் சொல்லுங்கள். 64-பிட் லினக்ஸில் பொதுமாறியும் ஸ்டேட்டிக் மாறியும் அருகருகே, பெரும்பாலும் 5 என்ற இலக்கத்தில் தொடங்கும். ஸ்டேட்டிக் உள்மாறி உண்மையில் பொதுமாறியின் பக்கத்து வீட்டுக்காரர் என்பது கண்ணுக்குத் தெரிகிறது. சாதாரண உள்மாறி வெகுதூரத்தில் 7 என்று தொடங்கும் முகவரியில் இருக்கும். நூறு பைட் ஹீப்பில், 5-இல் தொடங்கும். பத்து லட்சம் பைட் மட்டும் 7-இல் தொடங்கும் இடத்துக்குத் தாவிவிடும். லினக்ஸின் ஜிலிப்சி நூலகம் 128 கிலோபைட்டுக்கு மேல் கேட்டால் ஹீப்பில் தேடாமல் இயங்குதளத்திடம் தனித்துண்டாகக் கேட்டு வாங்கும் என்பதே காரணம். நிரலை மறுபடி ஓட்டினால் எல்லா எண்களும் மாறியிருக்கும். தாக்குபவர் முகவரியை ஊகிக்க முடியாதபடி இயங்குதளம் ஒவ்வொரு முறையும் இடம் மாற்றுகிறது. கட்டம் சொல்லாத அத்தனையும் ஐந்து வரி அச்சில் வந்துவிடுகிறது.

இதைச் செய்ய விடாமல் தடுப்பது டர்போ சி. தமிழ்நாட்டில் இன்னும் பல ஆய்வகங்களில் அந்த நீலத்திரைதான். 16-பிட் டாஸ் காலத்துக் கருவி அது. இன்ட் அதில் 2 பைட். நினைவகம் 64 கிலோபைட் துண்டுகளாக வெட்டப்பட்டது. ஒரு தவறான முகவரியில் எழுதினால் தடுக்க ஆளில்லை, நிரல் தொடர்ந்து ஓடும். தவறு செய்தால் தவறு என்று சொல்லாத ஆய்வகத்தில் நினைவகப் பாடம் நடத்த முடியாது. விலையில்லாமல் கிடைக்கும் லினக்ஸும் ஜிசிசியும் இருக்கும்போது அதைத் தொடர எந்த நியாயமும் இல்லை.

இனி மேலாக். ஸ்டேட்டிக் மாறிக்கு நிரலின் ஆயுள். உள்மாறிக்கு ஃபங்ஷன் அழைப்பின் ஆயுள். இரண்டுக்கும் இடைப்பட்டது வேண்டுமென்றால்? ஒரு ஃபங்ஷன் உருவாக்கி இன்னொன்று பயன்படுத்தி மூன்றாவது முடித்து வைக்கும் தரவுக்கு? அளவே நிரல் ஓடும்போதுதான் தெரியும் என்றால்? அதற்குத்தான் ஹீப். அது குத்தகை நிலம். எவ்வளவு வேண்டும் என்று சொல்லி வாங்குகிறோம். முடிந்ததும் நாமே ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்காமல் வைத்திருந்தால் யாருக்கும் பயனில்லாமல் கிடக்கும். ஒப்படைத்துவிட்ட நிலத்தில் ஏர் ஓட்டினால் அடுத்தவர் பயிர் அழியும். மெமரி லீக், விடுவித்த பின் பயன்பாடு என்று புத்தகம் சொல்லும் இரண்டு பெரும் பிழைகளும் இவைதான்.

ஒப்பீட்டுக்கு அப்பால் உள்ளே நடப்பதையும் மாணவர் பார்க்க வேண்டும். 64-பிட் ஜிலிப்சியில் 1 பைட் கேட்டாலும் மேலாக் ஒதுக்குவது 32 பைட் துண்டு. அதில் 24 பைட் நாம் பயன்படுத்தக் கூடியது. மீதி அது தன் கணக்கை எழுதி வைக்கும் இடம். 24 கேட்டாலும் அதே 32. 25 கேட்டால் 48-க்குத் தாவும். நமக்குக் கிடைக்கும் பாயிண்டருக்குச் சற்று முன்னாலேயே துண்டின் அளவு எழுதப்பட்டிருக்கிறது. ஃப்ரீ அதைப் பார்த்துத்தான் எவ்வளவு விடுவிப்பது என்று அறிகிறது. அரேயின் எல்லையைத் தாண்டி எழுதினால் பக்கத்துத் துண்டின் இந்தக் கணக்கு அழியும். அதனால்தான் பிழை செய்த வரியில் நிரல் நிற்பதில்லை. எங்கோ தொலைவில், குற்றமில்லாத ஒரு ஃப்ரீ அழைப்பில் நிற்கிறது. ஃப்ரீ செய்த இடமும் உடனே இயங்குதளத்துக்குப் போய்விடுவதில்லை. பெரும்பாலும் அடுத்த மேலாக்குக்காக நிரலிடமே இருக்கும். கெர்னிகனும் ரிச்சியும் 1978-இல் வெளியிட்ட சி மொழிப் புத்தகத்தின் கடைசி அத்தியாயம் ஒரு சிறிய மேலாக்கை முழுவதுமாக எழுதிக் காட்டுகிறது. அதை ஒரு வகுப்பு நேரத்தில் மாணவரோடு வரிவரியாகப் படிக்கலாம்.

இதெல்லாம் நம் ஊருக்கு எங்கே தேவைப்படுகிறது? ஊரின் பெயரை எழுதும்போதே தேவைப்படுகிறது. கள்ளக்குறிச்சி என்ற பெயரில் நாம் எண்ணும் எழுத்துகள் எட்டு: க, ள், ள, க், கு, றி, ச், சி. யூனிகோடில் புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால் அது பதினான்கு. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட். ஆக 42. முடிவைக் குறிக்கும் சுழிய பைட்டோடு 43. ஆங்கிலப் புத்தகத்தின் எடுத்துக்காட்டைப் பார்த்து ஊர்ப்பெயருக்கு 20 இடம் கொண்ட சார் அரே போதும் என்று வைத்த மாணவி, ஸ்கேன்எஃப் கொண்டு இந்தப் பெயரை வாங்கினால் 23 பைட் பக்கத்து மாறிகளின் மேல் ஏறிவிடும். எச்சரிக்கையாக 20-க்குள் வெட்டி எழுதினால் 19 பைட் நிற்கும். ஆறு குறியீடுகளுக்கு 18 போக, ஏழாவதன் முதல் பைட் மட்டும் அநாதையாகக் கிடக்கும். திரையில் "கள்ளக்" என்று வந்து அதன் பிறகு ஓர் உடைந்த குறி தெரியும். ஸ்ட்ரிங்கின் நீளத்தை எஸ்டிஆர்லென் மூலம் கேட்டால் 8 என்று சொல்லாது, 14 என்றும் சொல்லாது. 42 என்றே சொல்லும். சி-க்கு எழுத்து தெரியாது, பைட்தான் தெரியும். தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடோடு ஏற்றுக்கொண்ட டேஸ்-16 முறையில் ஒவ்வொரு தமிழெழுத்துக்கும் 2 பைட் என்பதால் இதே பெயர் 16 பைட்டில் அடங்கும். ஆனால் உலகின் மென்பொருள்கள் யூனிகோடையே பேசுகின்றன. மேலாக்குக்கு எவ்வளவு கேட்பது என்ற பாடத்தை நடத்த இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு தமிழ் மாணவருக்கு வேறு இல்லை. எந்தப் பாடப்புத்தகமும் இதைத் தருவதில்லை என்பது வருத்தம்.

இப்படி எல்லை தாண்டி எழுதுவது வெறும் மதிப்பெண் பிழையல்ல. 1988 நவம்பர் 2 அன்று இணையத்தில் பரவிய மோரிஸ் புழு, கெட்ஸ் ஃபங்ஷன் கொண்டு 512 பைட் இடத்தில் 536 பைட் எழுதவைத்து ஸ்டாக்கைக் கைப்பற்றியது. அந்த ஃபங்ஷனைச் சி மொழி 2011-ஆம் ஆண்டுத் தரத்தில்தான் நீக்கியது. 2014-இல் வெளிவந்த ஹார்ட்பிளீட் பிழையில் நடந்தது படிப்பதில் எல்லை மீறல்: கேட்பவர் சொன்ன நீளத்தைச் சரிபார்க்காமல் நம்பி, ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நூலகம் பக்கத்து ஹீப் நினைவகத்தை ஒரு தடவைக்கு 64 கிலோபைட்வரை அள்ளிக் கொடுத்தது. மைக்ரோசாஃப்ட் தன் பாதுகாப்புப் பிழைகளில் சுமார் 70 விழுக்காடு நினைவகப் பிழைகள் என்று 2019-இல் சொன்னது. குரோமியம் குழுவும் பிறகு அதே அளவைச் சொன்னது. ஆயுளையும் உரிமையையும் கம்பைலரே சரிபார்க்கும் ரஸ்ட் மொழி 2022 டிசம்பரில் லினக்ஸ் கெர்னலுக்குள் நுழைந்ததன் பின்னணி இதுவே. அப்படியானால் சி-யை விட்டுவிடலாமா? கூடாது என்பது என் கருத்து. ரஸ்ட் கேட்கும் கேள்விகள் சி நிரலர் மனத்துக்குள் கேட்டுக்கொள்ள வேண்டிய அதே கேள்விகள்தான். அவற்றைச் சி-யில் ஒருமுறை பட்டுத் தெரிந்தவருக்கு ரஸ்ட் ஏன் அப்படி இருக்கிறது என்று புரியும்.

சி இன்றியமையாத இன்னொரு இடம் சின்னச் சில்லுகள். கோமுகி அணையின் நீர்ப்பிடிப்புப் பகுதியில், கல்வராயன் மலைமேல் வைக்க ஒரு தானியங்கி மழைமானியை மாணவர்கள் செய்வதாக வைத்துக்கொள்வோம். 0.2 மில்லிமீட்டர் மழை நிரம்பியதும் உள்ளே ஒரு சிறு வாளி சாய்ந்து ஒரு மின்துடிப்பு தரும். அதை எண்ண ஆர்டுயினோ ஊனோ பலகை போதும். அதில் உள்ள ஏடிமெகா328பி சில்லில் மாறிகளுக்கான நினைவகம் 2 கிலோபைட், அதாவது 2048 பைட். நிரலுக்கான ஃபிளாஷ் 32 கிலோபைட். இங்கே சேமிப்பு வகைகள் ஒவ்வொன்றும் உயிர்பெறுகின்றன. துடிப்பின் எண்ணிக்கை ஃபங்ஷன் முடிந்தும் நிலைக்க வேண்டும்; ஸ்டேட்டிக். துடிப்பு வந்ததும் நடக்கும் வேலையை இடைமறித்து ஓடும் குறுக்கீட்டு ஃபங்ஷன் அதை எந்த நொடியும் மாற்றலாம் என்பதால் வாலட்டைல். இது சேமிப்பு வகை அல்ல; "நினைவில் வைத்திருக்கும் பழைய மதிப்பை நம்பாதே, ஒவ்வொரு முறையும் இடத்தைப் பார்" என்று கம்பைலருக்குச் சொல்லும் தகுதிச்சொல். எண்ணிக்கைக்கு 8 பிட் ஒதுக்கினால் 255 துடிப்பு, 51 மில்லிமீட்டர். அதற்கடுத்த துடிப்பில் கணக்கு மறுபடி சுழியம். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கணக்கில் கனமழை என்பதே 64.5 மில்லிமீட்டரில்தான் தொடங்குகிறது. வடகிழக்குப் பருவமழையின் ஒரே ஒரு நாள் கருவியைப் பொய்யாக்கிவிடும். 16 பிட் ஒதுக்கினால் எண்ணிக்கை சரி. ஆனால் இது 8-பிட் சில்லு என்பதால் அந்த மாறியை இரண்டு தடவையாகப் படிக்கும்; நடுவே குறுக்கீடு வந்தால் பாதி பழையது, பாதி புதியது. படிக்கும் நேரத்துக்குக் குறுக்கீட்டை நிறுத்தி வைக்க வேண்டும்.

இதே கருவியில் ஐம்பது ஊர்களின் பெயர்களைத் தமிழில் வைக்க ஆசைப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் 43 பைட் ஒதுக்கினால் 2150. சில்லின் மொத்த நினைவகத்தைவிட அதிகம். மாறாத தரவு என்று கான்ஸ்ட் போட்டாலும் இந்தச் சில்லில் அது நிரல் தொடங்கும்போது மாறிகளின் நினைவகத்துக்கே நகலெடுக்கப்படும். ஃபிளாஷிலேயே இருக்கட்டும் என்று தனியாகக் குறிப்பிட வேண்டும். மேலாக்கை இங்கே தொடாமல் இருப்பதே நல்லது. இரண்டு கிலோபைட்டில் சின்னச் சின்னத் துண்டுகளாக வாங்கி விட்டால், மொத்தமாக இடம் இருந்தும் சேர்ந்தாற்போல் இல்லாத நிலை விரைவில் வரும். மலையுச்சியில் வைத்த கருவியை யாரும் போய் மறுதொடக்கம் செய்துகொண்டிருக்க முடியாது. வாகனத் துறைக்காக எழுதப்பட்ட மிஸ்ரா விதிகள் மேலாக்கைத் தவிர்க்கச் சொல்வதும், நாசாவின் ஜேபிஎல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஜெரார்டு ஹோல்ஸ்மன் 2006-இல் எழுதிய பத்து விதிகளில் "தொடக்க ஏற்பாடு முடிந்தபின் நினைவகம் கேட்காதே" என்பது ஒன்றாக இருப்பதும் இதே காரணத்தால்தான். சென்னை ஐஐடியின் சக்தி செயலி போன்றவை நம் நாட்டிலேயே உருவாகிவரும் காலத்தில், அவற்றின் மேல் ஓடும் நிரல்களை எழுத இந்தக் கணக்கு தெரிந்த பிள்ளைகள் வேண்டும்.

ஆகவே பாடத்தை நடத்தும் வரிசையை மாற்ற வேண்டும் என்பது இந்தக் கட்டுரையின் முடிவு. முதலில் முகவரி, நினைவக வரைபடம். அடுத்து ஆயுள். அதன் பிறகு வரையெல்லையும் இணைப்பும். சிறப்புச்சொற்கள் கடைசியில், ஏற்கெனவே புரிந்ததற்குப் பெயராக. மேலாக் இதே அலகில், தனியாக அல்ல. ஆய்வகத்தில் ஒவ்வொரு நிரலையும் எல்லா எச்சரிக்கைகளையும் இயக்கிக் கம்பைல் செய்வது கட்டாயமாக வேண்டும். ஜிசிசியிலும் கிளாங் என்ற இன்னொரு கம்பைலரிலும் அட்ரஸ் சானிட்டைசர் என்ற கருவி உள்ளது. அதை இயக்கினால் எல்லை மீறிய வரி எண்ணையும், அந்த இடம் எந்த வரியில் ஒதுக்கப்பட்டது, எந்த வரியில் விடுவிக்கப்பட்டது என்பதையும் நிரலே சொல்லும். 2002-இலிருந்து கிடைக்கும் வால்கிரைண்ட், திருப்பித் தராத பைட்டுகளைக் கணக்குப்போட்டுக் காட்டும். இரண்டுக்கும் காசு தேவையில்லை. பழைய கணினியே போதும். விளக்கத்தைத் தமிழில் சொல்லுங்கள். சொற்கள் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும், கருத்து தாய்மொழியில் இறங்கட்டும். மலையிலிருந்து வந்த பிள்ளைக்குப் புரியாமல் போவது நினைவகம் அல்ல, அதை விளக்கும் ஆங்கில வாக்கியம்.

வினாத்தாள் அமைக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். தேர்வில் என்ன கேட்கிறோமோ அதுதான் வகுப்பில் நடக்கும். அடுத்த பருவத்தில் நான்கு சேமிப்பு வகைகளின் கட்டத்தைக் கேட்காதீர்கள். பத்து வரி நிரல் ஒன்றைக் கொடுத்து, அதில் உள்ள ஒவ்வொரு மாறியும் எந்தப் பகுதியில் இருக்கிறது, எந்த வரியில் அதன் ஆயுள் முடிகிறது, எந்த பைட் திருப்பித் தரப்படவில்லை என்று கேளுங்கள்.